வெண்டைக்காய் நட்சத்திரம்

தேக்கா சந்தையில் காய்கறி விற்கும் ஹஸீனாவுக்கு அன்று காலையில் அமலாவின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாரும் நுனியை உடைத்துப் பார்த்துப் பிஞ்சு வெண்டைக்காயாகப் பொறுக்குவார்கள். அமலாவோ முற்றிய காயாகத் தேடித்தேடித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, வேணாத மாமியாருக்கு விருந்தா?”

“மாமியாருக்கு நான் எங்க போவேன்? பிள்ளைங்களுக்கு. லெட்டர் பேப்பர் செய்யப் போறோம்.”

“வெண்டைக்காய்லயா?”

“குறுக்க வெட்டி, பெயிண்ட்ல தொட்டு, பேப்பர்ல ஒத்தினா நட்சத்திரம் வரும். அஞ்சு மூலை. கிறிஸ்மஸ் வருதில்ல? பிஞ்சுன்னா நசுங்கிடும்லா.”

“நல்ல கூத்து. அப்ப உருளைக்கிழங்கு எதுக்கு?”

“அது எழுத்துக்கு” என்றாள் அமலா. அதுவரை கலகலவென்று இருந்த குரல் அந்தச் சொல்லில் கொஞ்சம் இறங்கிப் போனது. ஹஸீனா அதைக் கவனிக்கவில்லை. நான்கு பெரிய கிழங்காக எடுத்துப் போட்டாள்.

அமலா சவரிமுத்துவுக்கு வயது நாற்பத்திரண்டு. தேக்காவுக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது, வீட்டுப்பாடம் செய்ய வைப்பது, சண்டையை விலக்குவது, பெற்றோர் வரும்வரை பிடித்து வைத்திருப்பது. பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “கேக்குறவங்க எல்லாம் கேள்விதான் கேட்டாங்க, பொண்ணு கேக்கல” என்பாள். குவீன்ஸ்டவுனில் பழைய மூவறை வீடு ஒன்றில் அவளும் அப்பா சவரிமுத்துவும் மட்டும்தான்.

அவளைப் பற்றி நிலையத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. தமிழில் மூச்சுவிடாமல் பேசுவாள். ஆனால் எழுதவோ படிக்கவோ தெரியாது. பள்ளியில் அவள் படித்தது மலாய். அவள் சேர்ந்த பள்ளியில் தமிழ் வகுப்பு கிடையாது. சனிக்கிழமைகளில் வேறொரு பள்ளிக்குப் பேருந்தில் போய்ப் படிக்க வேண்டும். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். யார் கூட்டிக்கொண்டு போவது? “மலாயே படிக்கட்டும்” என்று பள்ளியின் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டவர் சவரிமுத்துதான். மாதா கோயிலில் தமிழ்ப் பூசையின்போது அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள். அதற்குள் ஆங்கில எழுத்தில் பாட்டை எழுதிய தாள் ஒன்று மடித்து இருக்கும்.

இத்தனை வயதுவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இந்த ஏப்ரலில் அப்பாவின் காது முழுதாகப் போனபோதுதான் தெரிந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் பாரந்தூக்கி இயந்திரங்களின் அடியில் நின்ற காது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு காய்ச்சலோடு அணைந்துவிட்டது. நரம்பே போய்விட்டது, கருவி வைத்துப் பயனில்லை என்றார் மருத்துவர். அதற்கு முன்பெல்லாம் அமலா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேள்வி வரும்: “அமலா, இன்னைக்கு என்ன குழம்பு?” அவள் பதில் சொல்வாள். அவர் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பார். அங்கிருந்து பேச்சு ஆரம்பித்தால் தட்டு கழுவும்வரை ஓடும். காது போன பிறகு இரண்டு வாரம் கேட்டுப் பார்த்தார். பதில் கேட்காத கேள்வியை எத்தனை நாள்தான் கேட்பது? நின்றுவிட்டது.

அமலா ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்தாள். அப்பாவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே மொழி தமிழ், அதை அவளுக்கு எழுதத் தெரியாததால் படம் போட்டாள். மாத்திரை, குடை, கஞ்சிக் கிண்ணம். போட்டுப் போட்டு மாத்திரை நன்றாகவே வந்தது. கைப்பேசியில் பேசினால் அதுவே தமிழில் எழுதும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதையும் பார்த்தாள். “தோசை வேணுமா?” என்று கேட்டதற்கு அது “தோஷம் வேணுமா” என்று எழுதியது. சவரிமுத்து படித்துவிட்டு, “இருக்கிறதே போதும்மா” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கைப்பேசி என்ன எழுதிக் காட்டினாலும் அவர் நம்புவதில்லை.

அவருடைய தங்கை ரெஜினா, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஈசூனில் இருக்கிறாள். வரும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, மணிக்கணக்கில் அண்ணனுக்கு எழுதிக் காட்டுவாள். அவர் வாயால் பதில் சொல்வார். தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால் அவர் பேசுவது ஆறாவது மாடி முழுக்கக் கேட்கும். அப்படித்தான் போன மாதம், மின்தூக்கியிலிருந்து இறங்கும்போதே அமலாவுக்கும் கேட்டது.

“இங்க நான் ஒரு நாற்காலி மாதிரிதான் ரெஜினா. அவ பேசுறது எனக்குக் கேக்கல. எழுதத் தெரியாட்டியும் கத்துக்கிட்டு ஒரு வார்த்தை எழுதிக் காட்டலாம், அதுவும் செய்யல. அலுத்துப் போச்சு போல. நான் உன்கூடவே வந்துடுறேன்.”

கிறிஸ்மஸுக்கு முன்பே வந்துவிடு என்று நாள் குறித்துவிட்டாள் அத்தை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இனிமேல் அங்கேதான்.

அமலா பலகையில் ஒரு பெட்டியை வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள். சவரிமுத்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியை இழுத்துத் திறந்து மூடினார். “ஜிப்பு நல்லாத்தான இருக்கு?” என்றார். போகாதீங்க என்பதற்கு என்ன படம் போடுவது? அத்தையைத்தான் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அத்தை வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அத்தையே எப்படி எழுதுவாள்?

லெட்டர் பேப்பர் யோசனை நிலையத்துத் தலைவி தாரணியுடையது. இருபத்தாறு வயதுப் பெண். “டிசம்பர் ஹாலிடேஸ்ல ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருக்குதுங்க அக்கா. கையால ஏதாவது செய்யட்டும். பேப்பர் செஞ்சு, அவங்கவங்க வீட்டுக்குத் தமிழ்ல லெட்டர் எழுதட்டும். மேல ‘அன்புள்ள’ன்னு ஒரு அச்சு வெட்டிடுங்க. மத்தது பிள்ளைங்க பார்த்துக்கும்.” சொல்லிவிட்டு அவள் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

மூன்று நிமிட வேலை. கேட்டிருக்கலாம். எப்படி எழுதணும் தாரணி என்று ஒரு வார்த்தை. பதினோரு ஆண்டு வேலை பார்த்தவளுக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன், உருளைக்கிழங்கை நீளவாக்கில் பிளந்து டிஷ்யூவில் ஒற்றிக் காயவைத்துவிட்டு உட்கார்ந்தாள். ‘அன்பு’ அவளுக்குத் தெரியும். கோயில் சுவரில் பெரிதாக எழுதியிருப்பதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்துப் பார்த்து மனத்தில் படிந்த மூன்று எழுத்து. பாக்கி ‘ள்ள’. நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சுவரில் ‘நல்ல பழக்கங்கள்’ என்று ஒரு சுவரொட்டி. அதை ஆயிரம் தடவை பிள்ளைகள் வாசித்துக் கேட்டிருக்கிறாள். நல்ல. அதே ஓசைதானே? அவள் காதுக்கு அதே ஓசைதான். அந்த இரண்டு எழுத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டாள். அச்சு என்றால் திருப்பி வெட்ட வேண்டும். எண்ணெய்த் தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்துக் கிழங்கின்மேல் வைத்து, பேனாக்கத்தியால் சுழி சுழியாகச் செதுக்கினாள். கவனமெல்லாம் திருப்புவதில் போய்விட்டது. ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் அறை சந்தையானது. தாள்கள், கல்யாண அட்டை அச்சடிக்கும் கடையில் வெட்டிக் கழித்தவை. தந்த நிறம், ஓரத்தில் மெல்லிய தங்கக்கோடு. சரியாக நாற்பத்தைந்து. உறைக்குப் போன வருஷத்து நாட்காட்டிகளை மடித்து ஒட்டினார்கள்.

“டீச்சர், என் கவர் உள்ள லட்சுமி இருக்காங்க” என்றான் நிதீஷ்.

“இருக்கட்டும். தபால்காரருக்குத் தெரியவா போகுது?”

“டீச்சர், நாங்க கிறிஸ்மஸ் கொண்டாட மாட்டோம். நான் எழுதலாமா?” என்று கேட்டான் ஸைஃப்.

“உங்கம்மாவுக்கு லெட்டர் எழுத உனக்கு என்னடா தடை? போன வாரம் அவங்க குடையை உடைச்சியே, அதுக்கு ஸாரின்னு எழுது.”

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சிவப்பிலும் பச்சையிலும் தொட்டு ஒற்றினார்கள். ஈரமாக, நடுவில் விதைக்குழிகளோடு, ஐந்து முனை நட்சத்திரங்கள் தாளின் ஓரமெல்லாம் இறங்கின. மேலே உருளைக்கிழங்கு அச்சை ஆளுக்கொரு முறை அழுத்தினார்கள். சாயம் கசிந்தது, கை வழுக்கியது, யார் மூக்கிலோ நீலம். தாள்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். காற்றாடியில் அவை மெதுவாக அசைந்தன. யாரும் எதையும் படித்துப் பார்க்கவில்லை.

காய்ந்த ஒரு தாளை அமலா அன்று பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். ரயிலில் நின்றுகொண்டே, ஊட்ரம் பார்க்கில் வேறு ரயிலுக்கு மாறுவதற்குள், பிள்ளைகளின் படம் போட்ட எழுத்து அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடித்தாள். வீட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அச்சுக்குப் பக்கத்தில் எழுதினாள்: அப்பா. அதற்குக் கீழே: போகாதிங்க. வாழ்க்கையில் அவள் தமிழில் எழுதிய முதல் வாக்கியம். செவ்வாய் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, அப்பா படிக்கும் செய்தித்தாளின் நடுப்பக்கத்தில் அதை வைத்து மடித்து, மேசையில் போட்டுவிட்டு, அவர் குளித்து முடித்து வருவதற்குள் ஓடிவந்துவிட்டாள்.

அன்று நிலையத்தில் பிள்ளைகள் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். அமலா ஜன்னலோரம் மீதி வெண்டைக்காயை வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் கட்டிக்கொண்டிருந்தாள். இந்நேரம் அப்பா நடுப்பக்கத்துக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் வகுப்பு வர்ஷா கையைத் தூக்கினாள். தமிழில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். எதையும் சத்தமாகத்தான் படிப்பாள்.

“டீச்சர், இங்க இ-யைக் காணோம்.”

“எந்த ஈ?”

“அன்பு… ல்ல… அன்பு இல்ல! ‘அன்பு இல்ல அப்பா’ன்னு வருது டீச்சர்!”

அறை ஒரு நொடி யோசித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது.

“எங்கப்பாவுக்குக் கரெக்ட்லா!” என்றான் நிதீஷ். “நேத்துகூட என் டேப்லெட்டைப் பிடுங்கி வச்சுட்டாரு.”

“எனக்கு அன்பு இல்ல அம்மா, அன்பு இல்ல அண்ணன், அன்பு இல்ல பூனை!” ஸைஃப் மேசையைத் தட்டினான்.

“அன்புள்ளன்னா பெரிய ள போடணும்” என்றாள் வர்ஷா, யாரும் கேட்காமலே. “எல்லாத்துலயும் தப்பு. நாப்பத்தி நாலு பேப்பர்லயும்.”

நாற்பத்தைந்து, என்று அமலா மனத்துக்குள் திருத்தினாள். கையிலிருந்த பை தரையில் இறங்கியது. அந்த நாற்பத்தைந்தாவது தாள் குவீன்ஸ்டவுனில், ஒரு செய்தித்தாளின் நடுவில், அப்பாவின் கண்ணாடிக்குக் கீழே விரிந்து கிடக்கும். வாழ்நாளில் மகள் எழுதிய முதல் கடிதம். அன்பு இல்ல அப்பா. பக்கத்திலேயே, கட்டி வைத்த பெட்டி.

சத்தம் கேட்டுத் தாரணி வந்தாள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். “ஐயோ. யாரு வெட்டினது இது?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமலாவுக்குக் காதுமடல் சுட்டது. கசிந்த சாயத்தின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அது யாருக்கும் தெரிந்திருக்காது.

“நான்தான்” என்றாள். “எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது தாரணி. படிக்கவும் வராது. ஸ்கூல்ல மலாய்தான் எடுத்தேன்.”

நிதீஷின் மூளைதான் முதலில் வேலை செய்தது.

“டீச்சர், அப்ப எங்க தமிழ் ஹோம்வொர்க்கெல்லாம் எப்படி செக் பண்ணீங்க?”

“கையெழுத்து அழகா இருந்தா ஒரு டிக் போடுவேன்.”

“அதான் எனக்கு டிக்கே வரல!” என்று அலறினான் அவன். தாரணி உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அமலாவும் சிரித்தாள். பதினோரு ஆண்டு ரகசியம் இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

வேறு தாள் இல்லை. வர்ஷா உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு வெண்டைக்காயை உருவினாள். “டீச்சர், வெட்டிக் குடுங்க.” அடர்ந்த பச்சையில் அதைத் தோய்த்து, ‘ல்ல’வின் மேல் ஓங்கி ஒரு முறை, பக்கத்தில் இன்னொரு முறை. எழுத்து போய் நட்சத்திரங்கள் நின்றன. அவற்றுக்கு முன்னால் ‘அன்பு’ மட்டும்.

“அன்பு அப்பான்னும் எழுதலாம் டீச்சர். எங்க மிஸ் அலவ் பண்ணுவாங்க.”

அரைமணி நேரத்தில் நாற்பத்திநாலு தாளும் சரியாகிவிட்டன. எழுதியது போக மிஞ்சியதில் ஒன்றை வர்ஷாவே மடித்து அமலாவின் பையில் வைத்தாள். “அக்கா, இன்னைக்கு நீங்க சீக்கிரம் கிளம்புங்க. மூஞ்சியே சரியில்ல” என்றாள் தாரணி.

ரயில் அன்று வழக்கம்போலத்தான் ஓடியது. அமலாவுக்கு ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூட நேரம் எடுத்தது. வீட்டு வாசலில் அத்தையின் செருப்பு கிடந்தது. கம்பிக்கதவு வழியாகப் பெட்டி தெரிந்தது. சோபாவுக்குப் பக்கத்தில், கைப்பிடியை நீட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக.

சாப்பாட்டு மேசையில் ரெஜினா அத்தை கடிதத்தைத் தன் முன்னால் விரித்து வைத்திருந்தாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்தப் பேனா அவளை விட்டுப் போகவில்லை.

“வா அமலா. இருக்கிறதே மூணு வார்த்தை. அதுல ரெண்டு தப்பு. அப்பாவுக்குப் பக்கத்துல ஒரு கமாவும் இல்ல.” மூடியைக் கழற்றிப் பேனாவை ‘ல்ல’வின்மேல் கொண்டுபோனாள். “இது எப்படி இருக்குன்னு தெரியுமா உனக்கு—”

“ரெஜினா! தொடாத!”

சவரிமுத்துவின் குரலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவர் எழுந்து வந்து தாளைத் தங்கையின் கைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டார்.

“அது திருத்துற பேப்பர் இல்ல. எனக்கு வந்த லெட்டர்.”

அத்தை விடுகிறவளா? நோட்டைப் புரட்டி மளமளவென்று எழுதி அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் படித்தார்.

“அன்பு இல்லன்னு எழுதியிருக்கா, தெரியும். எனக்கும் கண்ணு இருக்கு” என்றார். இப்போது குரல் தணிந்திருந்தது, அல்லது தணிக்கப் பார்த்தது. “காலைல பேப்பரைப் பிரிச்சப்ப முதல் வார்த்தையப் பார்த்துட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மடிச்சு வச்சுட்டேன். அப்புறம் திரும்ப எடுத்துக் கீழ உள்ளதப் படிச்சேன். அன்பு இல்லாதவ எதுக்குப் போகாதேங்கப் போறா? எழுத்துத் தப்பு. அவ போட்ட தப்பு இல்ல அது. பாரத்துல கையெழுத்துப் போட்டவன் நான்தான.”

அமலா வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

“அப்ப நான் எதுக்கு ஈசூன்லேர்ந்து வந்தேன்?” என்று அத்தை வாயாலேயே கேட்டாள். அண்ணனுக்குக் கேட்காது என்பது கோபத்தில் மறந்துவிட்டது. ஆனால் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

“வந்தவ சாப்பிட்டுட்டுப் போ. கிறிஸ்மஸ் அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் உன் வீட்டுக்கு வர்றோம்.” பெட்டியின் கைப்பிடியைத் தட்டி உள்ளே இறக்கினார். அது பாதியில் சிக்கியது; இன்னொரு தட்டு தட்டினார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

“அமலா, இன்னைக்கு என்ன குழம்பு?”

அவள் செருப்பைக் கழற்றினாள். பைக்குள்ளிருந்து வர்ஷா வைத்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். மேலே ‘அன்பு’, பக்கத்தில் பச்சை நட்சத்திரங்கள். அப்பா என்று எழுதினாள். அது இப்போது சுலபமாக வந்தது. அடுத்த வார்த்தைக்கு எழுத்து அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்துக்கும் விரலை வைத்துத் தேடி, எழுதி, மறுபடி தேடி, எழுதினாள். சவரிமுத்து அவசரப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார். அத்தை சிவப்புப் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டு, பையையும் அழுத்தி மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

வெண்டக்கா, என்று எழுதியிருந்தாள்.

சவரிமுத்து தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எழுத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார். விதைக்குழிகள் ஐந்தும் தெளிவாக, தடித்த ஓரத்தோடு பதிந்திருந்தன. அவர் முகம் சுளித்தது, ஏப்ரலுக்கு முன்னால் சுளித்த மாதிரியே.

“முத்தலால்ல வாங்கிட்டு வந்திருக்க?” என்றார், ஆறாவது மாடி முழுக்கக் கேட்கும்படி.